கர்ப்பத்தில் ஹெபடைட்டிஸ் சி என்று வந்தால்: சேலம், ஏற்காடு பக்கத்துப் பெண்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

ரத்தப் பரிசோதனைச் சீட்டில் 'எச்சிவி பாசிட்டிவ்' என்று வந்த அன்று சாயங்காலத்துக்குள் வீட்டில் நாலு முடிவு எடுத்துவிடுகிறார்கள்: பிள்ளைக்கும் கட்டாயம் வந்துவிடும், ஆபரேஷன்தான் செய்யணும், தாய்ப்பால் கொடுக்கக் கூடாது, வெளியே ஒருத்தருக்கும் மூச்சு விடக் கூடாது. முதல் மூன்றும் தப்பு. நாலாவது அவரவர் வீட்டைப் பொறுத்தது, அதைப் பற்றிக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

சேலத்தில் இந்த வழியை ஒரு முறை முழுசாக நடந்தவள் நான். அப்புறம் தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று சிலருக்குத் துணைக்குப் போய் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். கர்ப்ப காலத்தில் ஓடி ஓடிப் பார்த்துவிட்டு, குழந்தை பிறந்ததும் ஃபைலை மூடி பீரோவில் வைத்துவிடுவதுதான் அதில் பெரியது. இந்த நோயில் முக்கியமான வேலைகள் இரண்டும், அதாவது குழந்தைக்கான சோதனையும் உங்களுக்கான சிகிச்சையும், பிரசவத்துக்கு அப்புறம்தான் வருகின்றன. அதனால் இதைக் கடைசிப் பகுதிவரை படியுங்கள்.

நான் மருத்துவர் இல்லை. இங்கே இருப்பது என்ன கேட்க வேண்டும், எப்போது கேட்க வேண்டும் என்பதற்கான வரிசை. மருந்தும் அளவும் உங்கள் மருத்துவர் சொல்வதுதான்.

1. சீட்டில் இருப்பது 'பி'யா, 'சி'யா?

சிரிக்காதீர்கள், இதிலேயே பாதிப் பேர் குழம்புகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கு வழக்கமாகப் பார்க்கிற எச்பிஎஸ்ஏஜி என்பது ஹெபடைட்டிஸ் பி. தனியார் ஆஸ்பத்திரியில் 'வைரல் மார்க்கர்ஸ்' என்று மொத்தமாக எழுதிக் கொடுக்கும்போதுதான் ஆன்டி எச்சிவி சேர்ந்து வரும். அது ஹெபடைட்டிஸ் சி. இரண்டும் கல்லீரலைத் தாக்குகிற வைரஸ்கள், ஆனால் செய்ய வேண்டியவை வேறு வேறு.

பி என்றால் குழந்தை பிறந்த 12 மணி நேரத்துக்குள் தடுப்பூசியோடு, இம்யூனோகுளோபுலின் என்கிற, தயார் நிலையில் உள்ள எதிர்ப்புப் பொருள் ஊசியும் போட வேண்டும், அதில் அவசரம் உண்டு. சி-க்குத் தடுப்பூசியும் கிடையாது, அப்படி ஒரு இம்யூனோகுளோபுலினும் கிடையாது. பக்கத்து வீட்டு அக்கா தன் பிரசவத்தில் ஏதோ விலை அதிகமான ஊசி போட்டதாகச் சொல்லி உங்களையும் கேட்கச் சொன்னால், அவருக்கு இருந்தது பி-யாக இருக்கும்.

இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். அதனால் சி என்று வந்தால் எச்பிஎஸ்ஏஜியும் எச்ஐவியும் பார்த்தாகிவிட்டதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பி இல்லை, தடுப்பூசியும் முன்பு போட்டதில்லை என்றால், கர்ப்பத்திலேயே அதைப் போட்டுக்கொள்ளலாம், பாதுகாப்பானது. ஒரே கல்லீரலுக்கு இரண்டு வைரஸ் எதற்கு?

2. கார்டு டெஸ்டோடு நிற்காதீர்கள், ஆர்என்ஏ பாருங்கள்

கார்டு டெஸ்டில் பார்ப்பது ஆன்டி எச்சிவி, அதாவது வைரஸை எதிர்க்க உடம்பு உண்டாக்குகிற ஆன்டிபாடி. அது பாசிட்டிவ் என்பதற்கு, உங்கள் உடம்பு எப்போதோ இந்த வைரஸைச் சந்தித்திருக்கிறது என்று மட்டும்தான் பொருள். இப்போது ரத்தத்தில் வைரஸ் இருக்கிறதா என்பதை அது சொல்லாது. வைரஸ் தொற்றியவர்களில் சுமார் 15 முதல் 45 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்துக்குள் மருந்தே இல்லாமல் தானாகப் போய்விடும், ஆனால் ஆன்டிபாடி மிஞ்சி நிற்கும். எந்தத் தொற்றும் இல்லாமலே தப்பாகப் பாசிட்டிவ் காட்டுவதும் உண்டு.

அதனால் அடுத்த வேலை ஒன்றே ஒன்று: எச்சிவி ஆர்என்ஏ, அதாவது ரத்தத்தில் வைரஸே இருக்கிறதா என்று பார்க்கிற சோதனை. லேபில் 'எச்சிவி வைரல் லோடு' அல்லது 'எச்சிவி பிசிஆர்' என்று கேட்டால் புரியும். வெறும் வயிற்றில் போக வேண்டியதில்லை. பல லேபுகள் சாம்பிளை வெளியூருக்கு அனுப்பித்தான் பார்க்கும், முடிவு வர சில நாள் ஆகும். தனியாரில் சில ஆயிரம் ரூபாய் வரும் என்பதால், காசு கட்டுவதற்கு முன் அரசு வழியில் இலவசமாகப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018 ஜூலை 28 முதல் நடக்கிறது, சி-க்கான சோதனையும் மருந்தும் அதில் இலவசம். சேலத்தில் என்றால் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், அதாவது நம்ம ஜிஎச்சில் போய், இந்தத் திட்டத்தின் பெயரைச் சொல்லி, யாரைப் பார்க்க வேண்டும் என்று விசாரியுங்கள். 104-க்கு அடித்தும் கேட்கலாம்.

முடிவு இரண்டு விதமாக வரும்.

'நாட் டிடெக்டட்' என்றால் இப்போது வைரஸ் இல்லை, குழந்தைக்குப் போகும் வாய்ப்பும் கிட்டத்தட்ட இல்லை. மருத்துவரிடம் காட்டிவிட்டு, அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். அண்மையில் தொற்று ஏற்பட்டிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் மட்டும் மறுபடி ஒரு முறை பார்க்கச் சொல்வார்கள்.

'டிடெக்டட்' என்று ஒரு எண்ணோடு வந்தால் வைரஸ் இருக்கிறது. எண் லட்சக்கணக்கில் இருப்பதைப் பார்த்துவிட்டுக் கல்லீரல் போய்விட்டது என்று அழுகிறார்கள். அந்த எண்ணுக்கும் கல்லீரல் சேதத்துக்கும் நேரான தொடர்பு இல்லை. கல்லீரலைப் பார்க்கிற சோதனைகள் வேறு, நாலாவது பகுதியில் வருகின்றன.

இந்தச் சோதனை வருவதற்கு முன்னாலேயே 'கர்ப்பத்தைக் கலைத்துவிடலாமா' என்று கேட்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். சி இருப்பது மட்டுமே அதற்குக் காரணம் ஆகாது. வைரஸ் உள்ள 100 தாய்மார்களுக்குப் பிறக்கும் குழந்தைகளில் சுமார் 5, 6 பேருக்குத்தான் தொற்றுகிறது. கூடவே எச்ஐவியும் இருந்து சிகிச்சை இல்லாமல் இருந்தால் இது இரண்டு மடங்கு வரை போகும். மற்றபடி, 90-க்கு மேற்பட்ட குழந்தைகள் எதுவும் இல்லாமல்தான் பிறக்கிறார்கள்.

3. ஒரு ஃபைல் போடுங்கள், அது உங்களோடு தாய்வீட்டுக்கு வர வேண்டும்

நம்ம ஊரில் கர்ப்பிணி ஒரே ஆஸ்பத்திரியில் இருப்பது அபூர்வம். முதல் மாதங்கள் புகுந்த வீட்டுப் பக்கம், ஏழிலோ ஒன்பதிலோ வளைகாப்பு முடிந்ததும் தாய்வீட்டுப் பக்கம். ஆத்தூரில் பார்த்த பெண் ஓமலூரில் பிரசவிப்பாள். தட்டு, வளையல், அஞ்சு வகைச் சாதம் எல்லாம் வண்டியில் ஏறும், வைரல் லோடு ரிப்போர்ட் மட்டும் மாமியார் வீட்டு அலமாரியில் இருக்கும். புது ஆஸ்பத்திரியில் மறுபடி கார்டு டெஸ்ட், மறுபடி பாசிட்டிவ், மறுபடி அழுகை, மறுபடி காசு.

ஃபைலில் இருக்க வேண்டியவை: தாய் சேய் நல அட்டை, பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிவு செய்த எண்), ஆன்டிபாடி ரிப்போர்ட், ஆர்என்ஏ ரிப்போர்ட், கல்லீரல் சோதனைகள், ஸ்கேன்கள், எச்பிஎஸ்ஏஜி மற்றும் எச்ஐவி முடிவுகள், நீங்கள் சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளின் பெயர். லேப் ரசீது போன்ற மினுமினுப்பான தாளில் அச்சடித்தது சில மாதத்தில் வெளுத்துவிடும், அதை உடனே ஜெராக்ஸ் எடுங்கள். எல்லாவற்றையும் போட்டோ எடுத்து உங்கள் போனிலும், நம்பிக்கையான இன்னொருவர் போனிலும் வையுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள், அப்புறம் சித்தப்பா வீட்டு விசேஷத்தில் உங்கள் வைரல் லோடுதான் பேச்சாக இருக்கும்.

4. கல்லீரல் எப்படி இருக்கிறது என்று பார்ப்பது

ஆர்என்ஏ இருக்கிறது என்று உறுதியானதும் மகப்பேறு மருத்துவரோடு, கல்லீரல் நோய் பார்க்கிற மருத்துவர் ஒருவரையும் ஒரு முறையாவது பார்த்துவிடுங்கள். சிகிச்சை இப்போது தொடங்கப் போவதில்லை என்றாலும் இந்தச் சந்திப்பு தேவை, ஏனென்றால் கல்லீரல் ஏற்கெனவே சுருங்கிய நிலையில் இருந்தால் மொத்தப் பிரசவத் திட்டமே மாறும்.

பார்ப்பவை பெரிதாக ஒன்றுமில்லை: கல்லீரல் செயல்பாட்டுச் சோதனை, பிளேட்லெட் எண்ணிக்கை, ரத்தம் உறையும் நேரம், வயிற்று ஸ்கேன். குழந்தைக்கு எடுக்கிற ஸ்கேனின்போதே கல்லீரலையும் மண்ணீரலையும் பார்த்து எழுதித் தர முடியுமா என்று கேளுங்கள், தனியாக இன்னொரு நாள் அலைய வேண்டாம்.

ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் வருவதெல்லாம் நோய் இல்லை. அல்கலைன் பாஸ்படேஸ் கர்ப்பத்தின் பிற்பகுதியில் கூடத்தான் செய்யும், அது நஞ்சுக்கொடியிலிருந்து வருகிறது. அல்புமின் கொஞ்சம் குறையும், ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுவதால். ஆனால் கல்லீரல் செல்கள் சேதமானால் கூடுகிற எஸ்ஜிபிடி கர்ப்பத்தால் மட்டும் ஏறாது, அது ஏறினால் காரணம் தேட வேண்டும். கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கிற ஃபைப்ரோஸ்கேன் கர்ப்பத்தில் சரியான அளவு காட்டாது, பிரசவத்துக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசி மூன்று மாதத்தில் ஒன்றைக் கவனியுங்கள். உள்ளங்கை, உள்ளங்காலில் அரிப்பு, குறிப்பாக ராத்திரியில் தூங்க விடாத அரிப்பு வந்தால், 'கர்ப்பத்தில் எல்லாருக்கும் வர்றதுதான்' என்று எண்ணெய் தடவிக்கொண்டு இருக்காதீர்கள். கர்ப்பகாலப் பித்தநீர்த் தேக்கம் சி உள்ளவர்களுக்கு அதிகமாக வருகிறது, அது குழந்தையைப் பாதிக்கும். பித்த அமிலம் பார்க்கிற ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

கண் மஞ்சளாவது, சிறுநீர் கட்டன்காபி நிறத்துக்குப் போவது, ரத்த வாந்தி, பேச்சில் குழப்பம், மேல்வயிற்றில் வலது பக்கம் வலியோடு கடும் தலைவலி: இதில் எது வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரி. கர்ப்பத்தில் திடீரென்று மஞ்சள் காமாலை வந்தால் எனக்குத்தான் சி இருக்கே, அதனால்தான் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். தண்ணீர் வழியாக வரும் ஹெபடைட்டிஸ் ஈ கர்ப்பிணிகளுக்கு உயிருக்கே ஆபத்தானது. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிப்பது அதற்காகத்தான்.

5. இப்போது சாப்பிடக் கூடாதவை

சி-யைக் குணப்படுத்தும் மாத்திரைகள் இருக்கின்றன, 12 வாரத்தில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் குணமாகிறது. அப்படியானால் ஏன் இப்போதே தரவில்லை என்று எல்லோரும் கேட்கிறார்கள், நியாயமான கேள்விதான். கர்ப்பத்தில் அந்த மருந்துகளின் பாதுகாப்பு பற்றிய ஆய்வுகள் இன்னும் நடந்துகொண்டிருக்கின்றன, அதனால் வழக்கமான நடைமுறை பிரசவம் வரை காத்திருப்பது. சில மாதம் காத்திருப்பதால், கல்லீரல் நன்றாக உள்ள ஒருவருக்குப் பெரிய இழப்பு இல்லை, இது வருடக்கணக்கில் மெதுவாக நகர்கிற நோய்.

மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கர்ப்பம் தெரிந்தால் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், தொடரவும் வேண்டாம், அன்றே மருத்துவரிடம் பேசுங்கள். ரிபாவிரின் அதில் இருந்தால் தாமதமே கூடாது, அது கருவைக் கெடுக்கும் மருந்து.

அப்புறம் நாட்டு மருந்து. கல்லீரல் என்ற சொல்லைக் கேட்டதும் யாராவது ஒருவர் கீழாநெல்லியை அரைத்துக்கொண்டு வந்துவிடுவார், ஒரு ஊரில் காமாலைக்கு மருந்து கட்டுகிறவர் இருக்கிறார், ஒரே வாரத்தில் இறங்கிவிடும் என்று இன்னொருவர் வண்டியை எடுப்பார். உங்களுக்கு இருப்பது காமாலை இல்லை. கீழாநெல்லி இந்த வைரஸைப் போக்குவதாக நிரூபணமும் இல்லை. சீந்தில் போன்றவை சிலருக்குக் கல்லீரலையே பாதித்ததாக நம் நாட்டு மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எந்த மூலிகை என்றே தெரியாத உருண்டையை விழுங்க இது நேரமில்லை. பெரியவர்களிடம் சண்டை போடாமல் சமாளிக்க, 'டாக்டர் பிரசவம் வரைக்கும் வேற மருந்து எதுவும் கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிட்டாங்க அத்தை' என்பது நன்றாக வேலை செய்கிறது.

உப்பில்லாப் பத்தியம், எண்ணெயில்லாப் பத்தியம் எதுவும் தேவையில்லை. பத்தியம் என்று பட்டினி கிடந்தால் எடை ஏறாமல் போவது குழந்தைக்குத்தான். இரும்புச்சத்து மாத்திரையைச் 'சூடு' என்று நிறுத்தாதீர்கள். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் சாப்பிடலாம், ஆனால் நாளுக்கு 2 கிராமைத் தாண்டாமல் இருப்பது நல்லது, 650 மாத்திரை என்றால் மூன்று. உடம்புவலி மாத்திரையை மெடிக்கலில் பெயர் சொல்லாமல் கேட்டு வாங்குகிற பழக்கத்தை விடுங்கள்.

6. வீட்டில் யாரிடம் சொல்வது, யாரைச் சோதிப்பது

வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். காரணம் இரண்டு: அவருக்கும் ஒரு ஆன்டிபாடி சோதனை வேண்டும், பிரசவ நேரத்தில் கையெழுத்துப் போடுகிறவர் அவர். ஒருவரோடு ஒருவர் வாழும் தம்பதிக்குள் உடலுறவு வழியாக இது பரவுவது மிகக் குறைவு, அதனால் 'யார்கிட்ட இருந்து வந்துச்சு' என்ற விசாரணையில் இறங்க வேண்டாம். நம் நாட்டில் இது பெரும்பாலும் சரியாகச் சுத்தம் செய்யாத ஊசி, ரத்தம் ஏற்றியது, டயாலிசிஸ், பல் பிடுங்கியது, திருவிழாக் கடையில் ஒரே ஊசியில் பச்சை குத்தியது, இப்படித்தான் வருகிறது. தானம் கொடுக்கும் ரத்தத்தில் சி-யைக் கட்டாயம் பார்க்கத் தொடங்கியதே 2000களின் தொடக்கத்தில்தான். சின்ன வயதில் ஊரில் ஒரே சிரிஞ்சைக் கொதிக்க வைத்து எல்லோருக்கும் ஊசி போட்ட காலத்தை உங்கள் மாமியாரே சொல்வார்.

மூத்த பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் ஒரு முறை பாருங்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

மாமனார் மாமியாருக்குச் சொல்ல வேண்டுமா? மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. சேர்ந்து சாப்பிடுவது, ஒரே தட்டு, ஒரே டம்ளர், கட்டிப்பிடிப்பது, கொசு, எதிலும் இது பரவாது. சொன்னால் தட்டைத் தனியாக வைக்கிற வீடா, துணைக்கு வந்து நிற்கிற வீடா என்பது உங்களுக்குத்தான் தெரியும். என் கருத்து, ஆர்என்ஏ முடிவு வருவதற்கு முன் வேறு யாரிடமும் சொல்லாதீர்கள். 'நாட் டிடெக்டட்' என்று வந்துவிட்டால் சொல்லவே தேவையிருக்காது, ஆனால் ஒரு முறை வெளியே போன வார்த்தையைத் திருப்பி வாங்க முடியாது.

பிரிக்க வேண்டியது ரத்தம் படுகிற சாமான்களை மட்டும்: பல் துலக்கும் பிரஷ், ஷேவிங் பிளேடு, நகவெட்டி, சர்க்கரை பார்க்கிற ஊசி. தரையில் ரத்தம் சிந்தினால் கையுறை போட்டு, ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் விட்டுத் துடையுங்கள். காய்ந்த ரத்தத்திலும் இந்த வைரஸ் நாள்கணக்கில் தாங்கும்.

7. பிரசவம் எங்கே என்பதை ஏழாம் மாதத்துக்குள் முடிவு செய்யுங்கள்

இதைத் தள்ளிப்போட்டவர்கள்தான் அதிகம் அவதிப்பட்டார்கள். ஒன்பதாம் மாதம் வரை ஒரு வார்த்தையும் சொல்லாமல் பார்த்த தனியார் ஆஸ்பத்திரி, வலி வந்த நேரத்தில் 'இதெல்லாம் இங்கே பார்க்க மாட்டோம்' என்று கையை விரித்ததும் உண்டு, சிறப்புக் கிட் என்று சொல்லிப் பில்லை ஏற்றியதும் உண்டு. அதனால் நேராகக் கேளுங்கள்: எனக்கு எச்சிவி இருக்கிறது, இங்கே சுகப்பிரசவம் பார்ப்பீர்களா, கூடுதல் செலவு எவ்வளவு, ராத்திரியில் வந்தாலும் பார்ப்பீர்களா. பதில் மழுப்பலாக இருந்தால் அன்றே வேறு இடம் பாருங்கள். அரசு ஆஸ்பத்திரியில் இந்தக் காரணத்துக்காகத் திருப்பி அனுப்பக் கூடாது.

ஏற்காட்டிலோ மலைக் கிராமங்களிலோ இருப்பவர்கள் இன்னொரு கணக்கும் போட வேண்டும். சேலத்திலிருந்து ஏற்காடு போகும் வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள். மழைக்காலத்தில் பாறை உருண்டால் அந்தப் பாதை நின்றுவிடும், குப்பனூர் வழியாகச் சுற்றி இறங்க வேண்டும். எஸ்டேட் லயத்திலிருந்து ரோட்டுக்கு வருவதே சில இடங்களில் தனிப் பயணம். பனிக்குடம் உடைந்து ரொம்ப நேரம் ஆவது குழந்தைக்குத் தொற்று போகும் வாய்ப்பைக் கூட்டும் என்பதால், சி உள்ளவர்கள் வலி வந்த பிறகு மலை இறங்கலாம் என்று இருக்க வேண்டாம். தேதிக்கு இரண்டு வாரம் முன்னாலேயே கீழே சொந்தக்காரர் வீட்டில் தங்குங்கள், யாரும் இல்லையென்றால் முன்கூட்டியே ஆஸ்பத்திரியில் சேர வழி உண்டா என்று உங்கள் கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். நடுவில் நீர் உடைந்தால் காத்திருக்காமல் 108.

கல்லீரல் சுருக்கம் இருப்பதாகச் சொல்லியிருந்தால் சின்ன நர்சிங்ஹோம் வேண்டவே வேண்டாம். ரத்த வங்கியும் தீவிர சிகிச்சைப் பிரிவும் உள்ள இடம்தான்.

8. பிரசவ அறையில்

சி இருப்பதற்காக மட்டும் சிசேரியன் செய்ய வேண்டியதில்லை, அதனால் குழந்தைக்குத் தொற்று குறைவதாகத் தெரியவில்லை. வேறு காரணத்துக்காகத் தேவைப்பட்டால் அது வேறு விஷயம்.

உள்ளே போனதும் பணியில் இருக்கிற மருத்துவரிடமும் செவிலியரிடமும் ஃபைலைக் காட்டி எச்சிவி இருப்பதைச் சொல்லுங்கள், ஷிஃப்ட் மாறினால் மறுபடி சொல்லுங்கள். குழந்தையின் தலைத்தோலில் குத்துகிற கருவிகள், தேவையில்லாமல் இடுக்கி, வாக்யூம் போட்டு இழுப்பது, வழக்கத்துக்காகப் பிறப்புறுப்பின் ஓரத்தில் போடுகிற கீறல், இவற்றை முடிந்தவரை தவிர்ப்பார்கள். பிறந்ததும் குழந்தை மேல் இருக்கும் ரத்தத்தைத் துடைத்த பிறகு ஊசி போடச் சொல்லுங்கள். வைட்டமின் கே, பிசிஜி, போலியோ சொட்டு, ஹெபடைட்டிஸ் பி முதல் தவணை எல்லாம் மற்றக் குழந்தைகளைப் போலவே உண்டு, எதையும் தள்ளிப்போட வேண்டாம்.

தொப்புள்கொடி ரத்தத்தில் சி சோதனை செய்து பார்க்கலாமா என்று யாராவது கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதில் உங்கள் ரத்தம் கலந்திருக்கும், வருகிற முடிவுக்கு அர்த்தம் இல்லை.

9. தாய்ப்பால்

கொடுங்கள். தாய்ப்பால் வழியாக சி பரவுவதாகத் தெரியவில்லை. எச்ஐவியும் இருந்தால் மட்டும் அதற்கான மருத்துவர் சொல்கிறபடி.

இன்னொரு விதிவிலக்கு, காம்பு வெடித்து ரத்தம் கசிந்தால். ஆறும்வரை அந்தப் பக்கத்துப் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு மறுபக்கம் கொடுங்கள், ஆறியதும் மறுபடி தொடங்குங்கள். பீய்ச்சாமல் விட்டால் பால் கட்டிக்கொண்டு இன்னொரு தொல்லை. குழந்தை வாய் வைக்கும் விதம் சரியாக இருந்தால் வெடிப்பே பெரும்பாலும் வராது, அதனால் டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன் செவிலியரை உட்கார வைத்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

தாய்ப்பாலுக்குப் பயந்து சர்க்கரைத் தண்ணீர் வைப்பது, தெருவில் கழுதையோடு வருகிறவரிடம் சங்கு நிறையப் பால் வாங்கிப் புகட்டுவது, இதெல்லாம்தான் உண்மையில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும்.

மொட்டை, காதுகுத்து வரும்போது புது பிளேடு, புது ஊசி என்று நின்று பார்த்து வாங்குங்கள். சி இருக்கிற வீடோ இல்லாத வீடோ, எல்லோருக்கும் இதே விதிதான்.

10. குழந்தைக்குச் சோதனை: தடுப்பூசித் தேதியோடு முடிச்சுப் போடுங்கள்

பிறந்த உடனே குழந்தைக்கு ஆன்டிபாடி பார்த்தால் பாசிட்டிவ் என்றுதான் வரும், ஏனென்றால் உங்கள் ஆன்டிபாடி அதன் ரத்தத்தில் இருக்கும். அது மறைய ஒன்றரை வயதுவரை ஆகலாம். ஒரு மாதக் குழந்தைக்குக் கார்டு டெஸ்ட் எடுத்துவிட்டு வீடே இடிந்துபோய் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

சரியான வழி இரண்டு. ஒன்று, 2 முதல் 6 மாதத்துக்குள் ஆர்என்ஏ. இன்னொன்று, 18 மாதத்தில் ஆன்டிபாடி. எதைச் செய்வது, இரண்டுமா என்பதைக் குழந்தை மருத்துவர் சொல்வார், ஆனால் தேதியை ஞாபகம் வைப்பது உங்கள் வேலை. அதற்குச் சுலபமான வழி, இரண்டரை மாதத்து ஊசி போடப் போகும்போது ஆர்என்ஏவை விசாரிப்பது, ஒன்றரை வயது ஊசியின்போது ஆன்டிபாடியை விசாரிப்பது. தடுப்பூசி அட்டையில் அந்த இரண்டு இடத்திலும் பேனாவால் 'சி' என்று வட்டம் போட்டு வையுங்கள். ஊசித் தேதியை எந்த வீட்டிலும் மறப்பதில்லை, செவிலியர் போன் செய்து கூப்பிடுகிறார். சி சோதனைக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள்.

ஆர்என்ஏ பாசிட்டிவ் என்று வந்தால்கூட உடனே மருந்து இல்லை. முதல் சில வருடத்தில் கணிசமான குழந்தைகளுக்குத் தானாகவே போய்விடுகிறது, போகாதவர்களுக்கு 3 வயதிலிருந்து கொடுக்கக்கூடிய மாத்திரைகள் இருக்கின்றன. அதுவரை குழந்தை மருத்துவர் கண்காணிப்பில் இருந்தால் போதும். பால்வாடிக்கோ பள்ளிக்கோ அனுப்பத் தடையில்லை, அங்கே சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

11. உங்கள் சிகிச்சை

எல்லோரும் விட்டுவிடுவது இதைத்தான். குழந்தை நன்றாக இருக்கிறது, உடம்பில் வலி இல்லை, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டு, அடுத்த கர்ப்பத்தில் மறுபடி முதல் பகுதியிலிருந்து தொடங்குகிறார்கள்.

பிரசவம் முடிந்து சில மாதத்தில் முதலில் ஆர்என்ஏவைத் திரும்பப் பாருங்கள். சிலருக்குப் பிரசவத்துக்குப் பின் வைரஸ் தானாகவே போயிருக்கும், அவர்களுக்கு மருந்தே தேவையில்லை. இன்னும் இருந்தால் எப்போது தொடங்குவது என்று மருத்துவரோடு பேசுங்கள். பால் கொடுக்கும்போது இந்த மாத்திரைகள் பற்றிய தகவல் குறைவு என்பதால் பெரும்பாலும் பால் மறக்கடித்த பிறகு தொடங்குவார்கள். கல்லீரல் மோசமாக இருந்தால் அவ்வளவு காத்திருக்க மாட்டார்கள். காத்திருக்கச் சொன்னால் அது எந்த மாதம்வரை என்று ஃபைலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், 'அப்புறம் வாங்க' என்பது தேதி ஆகாது.

அரசுத் திட்டத்தில், கல்லீரல் சுருங்காதவர்களுக்கு வழக்கமாக சோஃபோஸ்புவிரும் டக்ளாடஸ்விரும் சேர்த்து 12 வாரம். சுருக்கம் இருந்தால் சோஃபோஸ்புவிர், வெல்படஸ்விர். தொடங்குவதற்கு முன் பி இல்லை என்று பார்த்தாகிவிட்டதா என்று கேளுங்கள், சி போகும்போது உறங்கிக் கிடக்கும் பி எழுந்துகொள்வது உண்டு. கர்ப்பம் இல்லை என்றும் உறுதி செய்வார்கள், சிகிச்சை முடியும்வரை காப்பர் டி போன்ற ஏதாவது ஒரு தடுப்பு முறை வேண்டும்.

இங்கே ஒரு சின்னக் கண்ணி: கேஸ் மாத்திரை. பேன்டோபிரசோல் போன்றவை வயிற்று அமிலத்தைக் குறைப்பதால் வெல்படஸ்விர் உடம்பில் சேருவது குறைந்துவிடும். கேஸ் மாத்திரையை மாத்திரை என்றே நினைக்காமல் காலையில் காபிக்கு முன் போட்டுக்கொள்கிறவர்கள் நம்ம ஊரில் ஏராளம், மருத்துவர் 'வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க' என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பார்கள். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமசெபின் இவையும் ஒத்துவராது. எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

மாத்திரையை ஒரு நாள்கூட விடாமல் அதே நேரத்தில். மாதா மாதம் மருந்து வாங்கப் போக வேண்டியிருக்கும், மலையிலிருந்து வருகிறவர்கள் தீர்வதற்கு நாலைந்து நாள் முன்னாலேயே இறங்குங்கள்.

12 வாரம் முடிந்ததும் கொண்டாட வேண்டாம், இன்னொரு 12 வாரம் கழித்துப் பார்க்கும் ஆர்என்ஏதான் குணமானதைச் சொல்லும். அதில் 'நாட் டிடெக்டட்' என்று வந்தால் குணமாகிவிட்டது. ஆன்டிபாடி மட்டும் பாசிட்டிவாகவே இருக்கும், ஆயுசுக்கும். அடுத்த பிரசவத்திலோ ஏதாவது ஆபரேஷனிலோ கார்டு டெஸ்ட் எடுத்துவிட்டு யாராவது முகம் மாறினால், இந்தக் கடைசி ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டி, 'சிகிச்சை முடிச்சாச்சு, வேணும்னா ஆர்என்ஏ பாருங்க' என்று சொல்லுங்கள். குணமானவருக்கும் மறுபடி தொற்றலாம் என்பதால் அவர்கள் பார்க்கச் சொன்னால் பார்த்துவிடுங்கள்.